குழந்தைகளை மணலுக்குக் கூட்டிட்டுப் போங்க: ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து ஒரு வரலாறு

1)
கோடை விடுமுறை வந்தால் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இப்போது மாறிவிட்டது.

முன்பெல்லாம், "டாக்டர், பையன் சரியா சாப்பிட மாட்டேங்கிறான், ஒரு டானிக் எழுதிக் கொடுங்க."

இப்போது, "டாக்டர், குடும்பத்தோட கேம்பிங் போறோம். டென்ட்ல தங்கணும். கயாக்கிங் இருக்காம், சர்ஃபிங் கத்துத் தராங்களாம். பொண்ணுக்கு ஏழு வயசு, பையனுக்கு நாலு. கூட்டிட்டுப் போகலாமா?"

தாராளமாகப் போகலாம். எப்படிப் போக வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வரலாறு. கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

2)
"கேம்பிங் எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு இப்பதான் வந்திருக்கு" என்று பலரும் நினைக்கிறோம்.

சென்னையில் அடையாறு முகத்துவாரத்திலிருந்து எலியட்ஸ் கடற்கரை வரை ஒரு சின்ன மணல் பட்டை இருக்கிறது. நடந்தால் அரை மணி நேரம். அந்தப் பட்டையின் நடுவில் இருப்பது ஊரூர் குப்பமும் ஒல்காட் குப்பமும். இரண்டையும் சேர்த்து ஊரூர் ஒல்காட் குப்பம் என்கிறோம்.

குழந்தையை வெளியில் கொண்டுபோய் வளர்ப்பது எதற்கு, யாருடைய குழந்தைக்கு அந்த வாய்ப்பு, அதில் மருத்துவம் எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு? நூறு வருடத்துக்கும் மேலாக இந்தக் கேள்விகள் அந்த மணலில்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

3)
முதலில் பெயர்.

ஹென்றி ஸ்டீல் ஒல்காட் ஓர் அமெரிக்கர். பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர். 1882ல் சபையின் தலைமையகம் அடையாறுக்கு வந்தது. 1894ல் ஒல்காட் தலித் குழந்தைகளுக்காக இலவசப் பள்ளி தொடங்கினார். அன்று பல பள்ளிகளில் அந்தக் குழந்தைகளுக்கு உள்ளே நுழையவே இடமில்லை. அந்தப் பள்ளிதான் இன்று பெசன்ட் நகரில் இருக்கும் ஒல்காட் நினைவுப் பள்ளி. குப்பத்தின் பெயரிலும் அவர் இருக்கிறார்.

குப்பத்து மக்களோ கடலோடிகள். கட்டுமரம், வலை, கருவாடு, காற்று. இதுதான் அவர்கள் உலகம்.

4)
1909. அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்து மணலில் இரண்டு பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சபையில் வேலை பார்த்த நாராயணய்யாவின் மகன்கள். தாய் இறந்துவிட்டார். மூத்தவனுக்கு வயது பதினான்குக்குப் பக்கம். சின்ன வயதில் மலேரியா வந்து பிழைத்தவன், மெலிந்த உடம்பு, பள்ளியில் மக்குப் பையன் என்று பெயர்.

சபையைச் சேர்ந்த சார்ல்ஸ் லெட்பீட்டர் கடலில் குளிக்க வந்தபோது அவனைப் பார்த்து, "இவன்தான் வரப்போகும் உலக ஆசான்" என்றார்.

அந்தப் பையன்தான் ஜே. கிருஷ்ணமூர்த்தி. தம்பி பெயர் நித்யானந்தா.

5)
அதன்பின் அவர்கள் வாழ்க்கையே ஓர் அட்டவணை ஆனது. ஒழுங்கான குளியல், பால், சத்தான உணவு, சைக்கிள், நீச்சல், டென்னிஸ், பாடம். இன்றைய சம்மர் கேம்ப் நோட்டீஸ் மாதிரி இல்லையா?

உடம்பு தேறியது உண்மை. ஆனால் தந்தைக்கு நிம்மதி இல்லை. பையன்களை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போன பிறகு, தன் பிள்ளைகளைத் திருப்பித் தரச் சொல்லி 1912ல் அன்னி பெசன்ட் மீது வழக்குப் போட்டார். லெட்பீட்டரோடு தன் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்பது அவருடைய முக்கியமான வாதம். 1913ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தந்தை ஜெயித்தார். 1914ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் பெசன்ட் ஜெயித்தார்.

பிரிவி கவுன்சில் சுட்டிக்காட்டிய ஒரு குறையை மட்டும் கவனியுங்கள். அந்தப் பையன்களின் விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை!

நூறு வருடம் கழித்தும் பெற்றோர்களுக்கு நான் சொல்வது இதுதான். குழந்தையை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று விசாரியுங்கள். குழந்தையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

6)
கதை இன்னும் இருக்கிறது.

நித்யாவுக்குக் காசநோய் வந்தது. அன்று அதற்கு மருந்து கிடையாது. மலைக்காற்று, வெயில், ஓய்வு, சத்துணவு, அவ்வளவுதான் வைத்தியம். நல்ல காற்றுக்காக 1922ல் அண்ணனும் தம்பியும் கலிஃபோர்னியாவில் ஓஹாய் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். 1925 நவம்பரில் நித்யா அங்கேயே இறந்தார்.

அண்ணனைச் சுற்றிக் கூட்டம் பெருகிக்கொண்டே போனது. நெதர்லாந்தின் ஓமன் என்ற ஊரில் வருடாவருடம் கூடார முகாம் நடக்கும். 1929 ஆகஸ்ட் 3ஆம் தேதி அதே முகாமில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் எழுந்து நின்று, தன்னைத் தலைவராக வைத்து உருவாக்கிய அமைப்பையே கலைத்துவிட்டார் கிருஷ்ணமூர்த்தி. அடையாறு மணலில் தொடங்கிய கதையின் அந்த அத்தியாயம் இன்னொரு நாட்டின் முகாமில் முடிந்தது.

7)
இங்கே ஒரு மருத்துவனாகக் கொஞ்சம் நிற்கிறேன்.

"சுத்தமான காற்றே மருந்து" என்பது அன்று உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. 1904ல் பெர்லினை ஒட்டிய சார்லட்டன்பர்கில் நோஞ்சான் குழந்தைகளுக்காகக் காட்டுக்குள் திறந்தவெளிப் பள்ளியே நடத்தினார்கள். கிருஷ்ணமூர்த்தி பிறந்த மதனப்பள்ளியிலும் 1915ல் ஒரு காசநோய் சானடோரியம் திறக்கப்பட்டது.

அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த ஊர் எது தெரியுமா? நம்ம சென்னைதான்.

8)
1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கியது. ஐசிஎம்ஆர், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, நான்கும் சேர்ந்து செய்த வேலை.

193 நோயாளிகள். ஒரு பாதி சானடோரியத்தில், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வோடு. மறு பாதி சென்னையின் நெருக்கடியான வீடுகளில். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்.

1959ல் முடிவு வந்தது. குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்க காசநோய் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காசநோயைக் குணமாக்கியது மாத்திரை. மலைக்காற்று இல்லாமலேயே அது வேலை செய்தது.

ஆகவே "இயற்கையோடு இருந்தாலே எல்லா நோயும் ஓடிரும்" என்று யாராவது முகாம் விளம்பரம் செய்தால், சேத்துப்பட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

9)
அப்போ குழந்தையை வெளியே கூட்டிப் போவதில் பலனே இல்லையா டாக்டர்?

இருக்கு. ஆதாரத்தோட இருக்கு. அதுக்கு அப்புறம் வரேன். முதலில் சாரணர் கதையை முடித்துவிடுவோம். அதுவும் இதே அடையாறு கதைதான்.

10)
1907 ஆகஸ்ட். இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் இருபது பையன்களைக் கூட்டிப்போய் ஒரு வாரம் கூடாரம் போட்டார். பணக்காரப் பள்ளிப் பையன்களையும் உழைப்பாளி வீட்டுப் பையன்களையும் வேண்டுமென்றே கலந்து வைத்தார். சாரணர் இயக்கத்தின் விதை அதுதான்.

இரண்டே வருடத்தில் இயக்கம் இந்தியாவுக்கும் வந்தது. ஆனால் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும். இந்தியப் பையன்களுக்குக் கதவு சாத்தியிருந்தது. கட்டுப்பாடு, தடம் பார்ப்பது, காட்டில் தங்குவது எல்லாம் கற்றுக்கொண்டால் நாளைக்கு இவர்கள் புரட்சிக்காரர்கள் ஆகிவிடுவார்கள் என்ற பயம் ஆட்சியாளர்களுக்கு.

ஒரு கூடாரம் அடிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு ஒரு சாம்ராஜ்யம் பயந்திருக்கிறது!

11)
அன்னி பெசன்ட் சும்மா இருக்கவில்லை. 1916ல் ஜார்ஜ் அருண்டேலோடு சேர்ந்து சென்னையில் இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். அவர் ஹோம் ரூல் லீக் தொடங்கியதும் அதே வருடம்தான். பையன்கள் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டினார்கள், இந்தியப் பாட்டுப் பாடினார்கள்.

1921ல் பேடன் பவல் இந்தியா வந்தார். பெசன்டின் சங்கம் அவர் இயக்கத்தோடு இணைந்தது, இந்தியப் பையன்களுக்குக் கதவு திறந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950ல், பல சங்கங்கள் ஒன்றாகி பாரத் சாரண சாரணியர் ஆனது. நம்மில் பலர் பள்ளியில் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டி முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டது இந்த வழியில்தான்.

12)
சரி. இந்தக் கதை முழுக்க ஒரு கூட்டம் சத்தமில்லாமல் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. கவனித்தீர்களா?

குப்பத்துக் குழந்தைகள்.

ஒரு பக்கம் உலக ஆசானைத் தேடிக்கொண்டிருந்தார்கள், சாரணர்களுக்கு முகாம் போட்டார்கள். அடுத்த பக்கம் யாரும் நோட்டீஸ் அடிக்காமலே குழந்தைகள் அலையில் விழுந்து எழுந்து நீச்சல் பழகினார்கள். வடக்கிலிருந்து அடித்தால் வாடை, கிழக்கிலிருந்து அடித்தால் கொண்டல் என்று காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த பெரியவர்கள் அவர்களுக்கு வாத்தியார். நாம் காசு கட்டிக் கற்றுக்கொள்ளும் "அவுட்டோர் ஆக்டிவிட்டி" அவர்களுக்கு வீட்டு வாசல்.

கோவளத்தைப் பாருங்கள். அங்கே மீனவக் குடும்பத்தில் பிறந்த மூர்த்தி மேகவன் தானே சர்ஃபிங் பழகி, பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்று நகரத்துக் குழந்தைகள் அங்கே போய் மீனவ இளைஞர்களிடம் சர்ஃபிங் கற்கிறார்கள்.

13)
குடும்பத்தோடு கூடாரம் போட்டுக் கடற்கரையில் தங்குவதும் நமக்குப் புதுசு கிடையாது.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போயிருக்கிறீர்களா? வட தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து, குச்சி நட்டுப் புடவை கட்டிக் கூடாரமாக்கி, நிலா வெளிச்சத்தில் மணலில் தங்குவார்கள். விடியற்காலையில் கன்னியம்மனுக்குப் பூஜை. அங்கேயே குழந்தைக்கு மொட்டை, காதுகுத்து, பெயர் வைப்பது, கல்யாணம் கூட.

அதே இருளர் மக்கள்தான் 1978ல் தொடங்கிய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழியாகப் பாம்பு விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். பாம்புக்கடிக்கு நான் போடும் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் அதுதான்.

14)
அந்தச் சங்கம் உருவாக உழைத்த ரோமுலஸ் விட்டேகர் 1970களின் தொடக்கத்தில் நண்பர்களோடு இன்னொரு வேலையும் செய்தார். இரவில் சென்னைக் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடினார்.

பங்குனி ஆமை. ஆலிவ் ரிட்லி என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தாய் ஆமை இரவில் கரையேறி, குழி தோண்டி, நூறுக்கு மேல் முட்டையிட்டு, மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். மணலின் சூடுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும். சூடு கூடினால் பெண்.

இரவில் கடல்தான் வெளிச்சமான பக்கம் என்று குஞ்சுக்கு உடம்பிலேயே எழுதியிருக்கிறது. பெசன்ட் நகரில் தெருவிளக்கு வந்ததும் குஞ்சு ரோட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டது. நாயும் காரும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

15)
1980களின் இறுதியில் இந்த வேலையைக் கல்லூரி மாணவர்கள் கையில் எடுத்தார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்று பெயர். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் இரவு நடை. கிடைக்கும் முட்டைகளைப் பத்திரமான பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சு வந்ததும் கடலில் விடுவார்கள்.

பொதுமக்களையும் கூட அழைத்துப் போவார்கள். சென்னையில் எத்தனையோ பேருக்குச் சின்ன வயதில் முதன்முதலாக ராத்திரி முழுக்க வெளியில் இருந்த அனுபவம் இதுதான். டென்ட் கிடையாது, கேம்ப் ஃபயர் கிடையாது, டார்ச் கூட அடிக்கக் கூடாது. கால் மணலில் புதையப் புதைய இருட்டில் நடக்க வேண்டும். பல நாள் ஒரு ஆமை கூட வராது.

என்னைக் கேட்டால் குழந்தைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. காசு கொடுத்தாலும் இயற்கை நம் நேரத்துக்கு வராது என்று அந்த வயதிலேயே தெரிந்துவிடும்.

16)
இப்போது, ஆதாரம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். கிட்டப்பார்வை.

சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஆறு, ஏழு வயதுச் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டு 2008ல் ஓர் ஆய்வு வந்தது. சிங்கப்பூரில் 29.1 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3.3 சதவீதம்தான். சிட்னிக் குழந்தைகள் குறைவாகப் படித்தார்களா? இல்லை. ஆனால் வாரத்துக்கு 13 மணி நேரத்துக்கும் மேல் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூரில் சுமார் 3 மணி நேரம்.

சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் சோதனையே செய்தார்கள், 2015ல் அதன் முடிவு வெளியானது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், மற்ற பள்ளிகளில் 39.5 சதவீதம். தைவான் 2010லிருந்து குழந்தைகளுக்கு தினமும் 120 நிமிட வெளிப்புற நேரம் என்று திட்டமே வைத்திருக்கிறது.

பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமினைக் கூட்டி, கண் பந்து நீளமாவதைத் தடுக்கிறது என்பது இன்றைய விளக்கம்.

17)
கவனியுங்கள், இது பகல் வெளிச்சத்தின் பலன். இரவு ஆமை நடைக்கு இது பொருந்தாது. வருடத்தில் ஒரு தடவை ரிசார்ட்டில் இரண்டு நாள் டென்ட் போட்டாலும் வராது.

தினமும் வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கடற்கரையோ, பூங்காவோ, தெருவோ போதும். செலவு பூஜ்யம்.

வருடத்துக்கு ஒரு முகாம் என்பது தீபாவளி பலகாரம் மாதிரி. தினசரி விளையாட்டுதான் சோறு.

18)
இப்போது பாதுகாப்பு. எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் அந்த வளைவுக்கு முன்னால் செல்ஃபி எடுத்திருப்பீர்கள். அது கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம். 1930 டிசம்பர் 30 அன்று கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டேனிஷ் மாலுமி. அலைக்கு முன்னால் நின்றுகொண்டு எச்சரிக்கை பலகையைத்தான் நாம் பின்னணியாக வைத்துப் படம் எடுக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்குக் கீழே.

19)
ஆகவே கேம்பிங் போகும் பெற்றோர்களுக்கு:

▪ தண்ணீர் அருகே சின்னக் குழந்தை எப்போதும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில். மூழ்கும் குழந்தை கத்தாது. சத்தமே வராது. போன் பையில் இருக்கட்டும்.

▪ கயாக், படகு எதுவானாலும் குழந்தையின் அளவுக்குச் சரியான லைஃப் ஜாக்கெட். காற்றடித்த ரப்பர் வளையம் பாதுகாப்பு உபகரணம் ஆகாது.

▪ அலைகளுக்கு நடுவே ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் அங்கே இருக்கலாம். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், மிதந்து, பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள்.

▪ இறங்குவதற்கு முன் பக்கத்திலிருக்கும் மீனவரிடம், "அண்ணே, இன்னிக்கு இங்க இறங்கலாமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

▪ வெறும் தரையில் தூங்க வேண்டாம். கட்டுவிரியன் இரவில் தூங்குபவரைக் கடிக்கும், வலி கூடத் தெரியாமல் போகலாம். அடியில் நன்றாகச் செருகிய கொசுவலை கொசுவோடு பாம்பையும் தடுக்கும். கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். அசையாமல் வைத்து, உடனே 108.

▪ காலை 11 முதல் மாலை 4 வரை நிழல். தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர். குழந்தை சோர்ந்து, சிறுநீர் குறைந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு ஓஆர்எஸ் கொடுங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ உடம்பை நனைத்துக் குளிரவைத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

▪ முகாம் நடத்துபவர் யார், ராத்திரி குழந்தைகளோடு யார் தங்குவார்கள், அருகில் எந்த மருத்துவமனை? கேட்க வெட்கப்படாதீர்கள்.

▪ குழந்தை "பயமா இருக்கு" என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த வருஷமும் கடல் அங்கேதான் இருக்கும்.

20)
கடல் இருக்கும். கரை இருக்குமா?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் குப்பத்துக்குள்ளும் வந்தது. சில வருடங்கள் கழித்து, கலங்கரை விளக்கம் பக்கத்திலிருந்து தெற்கே கடற்கரையோரமாகவே உயர்மட்டச் சாலை போடும் திட்டம் வந்தது. சாலை வந்திருந்தால் குப்பத்து மக்களுக்கு வாசல் போயிருக்கும். ஆமைக்கு மணலும் இருட்டும் போயிருக்கும். மீனவர்களும் ஆமைக்காக நடந்தவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். இன்றுவரை அந்தச் சாலை வரவில்லை.

இன்று உங்கள் குழந்தை அங்கே மணல் வீடு கட்டுகிறதென்றால் அதில் அந்த மக்களுக்குப் பங்கு உண்டு.

21)
2025 ஜனவரியில் சென்னையிலிருந்து தெற்கே கரையெங்கும் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கும் நுரையீரல்தான். மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவை வலையில் மாட்டினால் அதுவும் மூழ்கித்தான் சாகும், நம்மைப் போலவே.

ஒரு ஆமைக்குஞ்சு கடலில் இறங்குவதைப் பார்த்த குழந்தை இந்தச் செய்தியைச் சும்மா தள்ளிவிட்டுப் போகாது. வெளியில் கூட்டிப் போவதன் பலன்களில் எந்த ஆய்விலும் எண்ணாகப் போட முடியாதது இது.

22)
சுருக்கமாக:

காற்று மருந்தல்ல, சேத்துப்பட்டு அதைக் காட்டிவிட்டது. பகல் வெளிச்சம் கண்ணுக்குக் காவல், அதற்கும் ஆதாரம் இருக்கிறது. கூடாரம் ஒரு காலத்தில் நம் பிள்ளைகளுக்கு மறுக்கப்பட்டு, கேட்டு வாங்கிய உரிமை. கடற்கரை அங்கே வாழ்பவர்களின் வாசல். விருந்தாளியாகப் போங்கள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், குப்பையைக் கையோடு திருப்பிக் கொண்டு வாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரூர் குப்பம் பக்கம் ஒரு நடை போங்க. வலை பின்னிக்கொண்டிருக்கும் தாத்தா யாராவது இருந்தால், "இன்னிக்கு என்ன காத்து தாத்தா?" என்று உங்கள் பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்லுங்க.

முதல் வகுப்பு அதுதான். ஃபீஸ் கிடையாது.

பயனுள்ளதாக இருந்தால் கேம்பிங் போகப் போகும் நண்பர்களுக்கு அனுப்பி வையுங்கள்.